ஹங்கர் கேம்ஸ்: மூன்றாவது புத்தகம் நம்மை ஏன் கடுப்பேற்றுகிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மூன்று புத்தகங்களின் முடிவும் இருக்கிறது. இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், படித்துவிட்டு வாருங்கள்.

சுசான் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008), 'கேச்சிங் ஃபயர்' (2009), 'மாக்கிங்ஜே' (2010) மூன்றையும் கல்லூரி நாட்களில் ஒரே மூச்சில் படித்தேன். முதல் இரண்டும் தூங்கவே விடவில்லை. மூன்றாவது? செம கடுப்பு. போட்டியே நடக்கவில்லை. நாயகி அடிக்கடி மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறாள். யாரைக் காப்பாற்ற இத்தனையும் செய்தாளோ, அந்தத் தங்கையே கடைசியில் செத்துப்போகிறாள். 'இதுக்கா இவ்வளவு பக்கம் படிச்சேன்?' என்று மூடி வைத்துவிட்டேன்.

சமீபத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது: அந்தக் கடுப்பைத்தான் காலின்ஸ் எதிர்பார்த்திருக்கிறார்.

கதை என்ன?

எதிர்கால வட அமெரிக்காவில் பனெம் என்றொரு நாடு. பணமும் அதிகாரமும் குவிந்த தலைநகரம் கேபிடல். அதற்காக உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். முன்பு கிளர்ச்சி செய்ததற்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். 24 பேரில் ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். எல்லாம் டிவியில் நேரலை.

12-வது மாவட்டம் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. குலுக்கலில் 12 வயது பிரிம் பெயர் வருகிறது. 'அவளுக்குப் பதில் நான் போகிறேன்' என்று முன்வருகிறாள் அக்கா காட்னிஸ். வயது 16.

பசிக்கு விலை ஒரு சீட்டு

அம்பு, வில், காதல் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்பட்டது அந்தக் குலுக்கலின் கணக்கு. 12 வயதில் ஒரு சீட்டு. ஒவ்வொரு ஆண்டும் ஒன்று கூடும். 18 வயதில் ஏழு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் கூடுதல் சீட்டு போடலாம். ஒரு சீட்டுக்கு, ஒருவருக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கொஞ்சம் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. எனவே காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு. அவளுடைய நண்பன் கேலுக்கு 18 வயதில் 42.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். சாகும் வாய்ப்பு மட்டும் ஏழைக்கு ஆறு மடங்கு. சீட்டு குறைவாக இருக்கும் மேயர் மகள் மீது கேலுக்குக் கோபம் வருகிறது. கேபிடலுக்கு வேண்டியதும் அதுதான். கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் முறைத்துக்கொண்டிருந்தால் மேலே யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்போ நாம் யார்?

ஒரு நாள் இரவு டிவி சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியதாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகள். இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்ததாம். அவருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போன விமானப்படை அதிகாரி. பனெம் என்றால் லத்தீனில் ரொட்டி. சோறும் வேடிக்கையும் கொடுத்தால் மக்கள் அரசியலை மறந்துவிடுவார்கள் என்ற பழைய ரோமானியக் கிண்டலிலிருந்து வந்த பெயர்.

அந்த வேடிக்கையை நாமும்தான் பார்த்தோம். பீட்டாவா, கேலா என்று நண்பர்களோடு சண்டை போட்டோம். அடுத்து யார் சாவார்கள் என்று பக்கத்தைப் புரட்டினோம். 2013-ல் இரண்டாவது படம் வந்தபோது, கவர்கேர்ள் நிறுவனம் 'கேபிடல்' பெயரிலேயே அழகுசாதன வரிசையை விற்றது. கேபிடல் மக்களின் பகட்டைக் கிண்டல் செய்த கதை அது!

வெள்ளி பாராசூட்

மூன்றாவது புத்தகம் இந்தப் பழக்கத்தின் மீதுதான் கை வைக்கிறது. கிளர்ச்சியாளர்களும் காட்னிஸை கேமரா முன் நிறுத்துகிறார்கள். மேக்கப் போட்டு, வசனம் கொடுத்துப் பிரச்சார வீடியோ எடுக்கிறார்கள். தினமும் கிளிப் வெட்டி, தம்ப்நெயில் போட்டுப் பிழைக்கிற எனக்கு அந்தப் பக்கங்கள் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தன.

முதல் புத்தகத்தில் போட்டியாளர்களுக்கு மருந்தும் உணவும் வெள்ளி பாராசூட்டில் வந்து இறங்கும். அது வரும்போது நாமும் நிம்மதி அடைவோம். மூன்றாவது புத்தகத்தில் அதே பாராசூட்டுகள் அதிபர் மாளிகை முன்னால் இருக்கும் குழந்தைகள் மீது இறங்குகின்றன. பரிசு என்று கை நீட்டுகிறார்கள். வெடிக்கிறது. காப்பாற்ற ஓடிவரும் மருத்துவக் குழுவில் பிரிம் இருக்கிறாள். மிச்சமிருந்தவையும் வெடிக்கின்றன.

அந்தக் குண்டை அனுப்பியது கிளர்ச்சித் தலைவி காயினின் தரப்புதான் என்ற முடிவுக்குக் காட்னிஸ் வருகிறாள். அதே காயின், கேபிடல் குழந்தைகளை வைத்து இன்னொரு போட்டி நடத்தலாம் என்கிறார். காட்னிஸ் சரி என்று வாக்களிக்கிறாள். பிறகு, அதிபர் ஸ்னோவைக் கொல்ல வேண்டிய அம்பை காயின் மீது எய்கிறாள். அந்த 'சரி', காயினை நம்பவைக்கப் போட்ட நாடகம் என்றுதான் நான் படிக்கிறேன்.

குறையே இல்லையா? இருக்கிறது. ஃபின்னிக்கின் மரணம் அவசரத்தில் கடந்துபோகிறது. கேல் விடைபெறுவதும் அப்படித்தான். ஆனால் 'நல்லவர்கள் ஜெயித்தார்கள், சுபம்' என்று முடித்திருந்தால், அதுவும் கேபிடல் எடுத்த இன்னொரு ஷோ போலத்தான் இருந்திருக்கும்.

இந்தக் கதையை வேறு விதமாகப் படித்தவர்களும் உண்டு. 12-வது மாவட்ட மக்கள், அன்புக்குரியவரை வழியனுப்ப மூன்று விரல்களை உயர்த்துவார்கள். 2014-ல் தாய்லாந்திலும் 2021-ல் மியான்மரிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இளைஞர்கள் அதே மூன்று விரல்களைத் தெருவில் உயர்த்தினார்கள். தாய்லாந்தில் அதற்காகக் கைதானவர்களும் இருக்கிறார்கள். ஒரே கதையிலிருந்து ஒருவருக்கு மேக்கப் கிடைத்தது, இன்னொருவருக்குத் துணிச்சல் கிடைத்தது.

'மாக்கிங்ஜே'வைப் பாதியில் மூடி வைத்தவரா நீங்கள்? மறுபடி எடுங்கள். எந்தப் பக்கத்தில் கடுப்பாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?