கையகல நிலத்தில் ஆகாய விமானம்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு மலைப்பாதையிற் சென்றவர்கள் அதன் வளைவுகளை எளிதில் மறக்கமாட்டார்கள். அடைமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால், லயத்திலே பிரசவ வேதனையுறும் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று தொட்டு மழை இருட்டும்போதெல்லாம் இப்பகுதியினர் அஞ்சுகின்றனர். "இங்கே விமானம் வந்து இறங்காதா?" என்று தோட்டத்துச் சிறுவன் ஒருவன் நம்மைக் கேட்டான். சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று அது.

விமானத்துக்கு நீண்ட ஓடுதளம் வேண்டியிருப்பது வேகத்தின் பொருட்டே. போதிய வேகமின்றி இறக்கை பாரத்தைத் தாங்காது. மெதுவாகப் பறக்க விரும்பும் விமானி மூக்கை உயர்த்துகிறார்; அளவு மீறி உயர்த்தினாலோ, இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்று பிரிந்து, தாங்குசக்தி திடீரென அற்றுப்போகிறது. முன்விளிம்பிலே மெல்லிய தகடொன்றைச் சிறு இடைவெளி விட்டுப் பொருத்தினால், கீழ்க்காற்று அவ்விடைவெளியால் மேலே பாய்ந்து, பிரியவிருக்கும் காற்றை இறக்கையோடு ஒட்டவைக்கும். பின்விளிம்பிலே கீழ்நோக்கி விரியும் பலகைகளும் துணை செய்யும். இறங்கும் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, தரையில் ஓடும் தூரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மாணவர்கள் 0.9ஐ 0.9ஆற் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய விமானம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1951இல் தோன்றிய விமானப்படை, அந்தப் பத்தாண்டிலேயே 'பயனியர்' விமானங்களை வைத்திருந்தது. ஸ்கொட்லாந்தில் உருவான அவ்விமானம் 1947இல் முதன்முதல் பறந்தபோது வலுவிழந்த பிள்ளைபோல் இருந்தது. 240 குதிரைச் சக்தி இயந்திரத்தைக் கழற்றி, 520 குதிரைச் சக்தி கொண்ட அல்விஸ் லியோனிடஸ் இயந்திரத்தைப் பூட்டிய பின்னரே அதன் இறக்கையின் அருமை வெளிப்பட்டது. சுமார் 75 கெஜம் ஓடினால் எழும்பிவிடும்! மலாயாக் காடுகளின் காவற்கோட்டைகளுக்குப் பொருள்களைச் சுமந்ததும், அங்கிருந்து நோயாளிகளை ஏற்றி வந்ததும் அதுவே.

இன்று செஸ்னா போன்ற சிறு விமானங்களின் இறக்கையில் விரல்நகமளவான தகடுகளை வரிசையாக ஒட்டியே பயன் காண்கின்றனர். அலாஸ்காவில் கற்படுகையில் இறங்கப் பருத்த, மென்மையான டயர்களைப் பூட்டுகின்றனர். ஆனால் இறக்கையை மட்டும் திருத்தினாற் போதாது. குறைந்த வேகத்தில் வாலும் சுக்கானும் விமானியின் சொற்கேளாவிட்டால் ஆபத்தே. தாழப் பறக்கையில் இயந்திரம் நின்றுவிட்டால், சமாளிக்க உயரமும் இராது.

மலைநாடு வேறொரு வரியும் அறவிடுகிறது. பண்டாரவளை ஏறத்தாழ 4000 அடி உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் அது நட்டமே. சரிவையே உதவியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. எவரெஸ்ட் சிகரமேறிய ஹிலாரி, 1964இல் நேபாளத்து லுக்லாவில் முன்னின்று அமைத்த ஓடுதளம் மலைச்சரிவிலேயே கிடக்கிறது. நீளம் 527 மீற்றர். விமானங்கள் மேட்டை நோக்கி இறங்கும். பள்ளத்தை நோக்கி ஓடி எழும்பும்.

மலையையும் மூடுபனியையும் எந்தத் தகடும் அகற்றாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி, குறுகிய தளங்களிலும் இறங்கவல்ல வை-12 ரக விமானப்படை விமானமொன்று அப்புத்தளையில் வீழ்ந்து, நால்வர் மாண்டனர். ஆகவே முதலிற் பாதையைச் செப்பனிட்டு, சரியக்கூடிய இடங்களிலிருந்து லயங்களை அகற்றுவதே முறை என்போம். தோட்டத்து மைதானத்தில் ஹெலிகொப்டர் இறங்கலாம். அதற்குச் செலவு அதிகம். சிறு விமானத்துக்கோ, லுக்லாவைப்போல் சரிவில் ஒரு நீண்ட பட்டையை வெட்டவேண்டும்.

இதையெல்லாம் சிறுவனுக்கு விளக்கினோம். கவனமாகக் கேட்டவன், எதிரேயிருந்த மலையைச் சற்று நேரம் பார்த்தான்.

"அவ்வளவு தேயிலையையும் பிடுங்கத் துரை சம்மதிப்பாருங்களா, ஐயா?" என்றான்.