எந்தத் தேனீயாக இருந்தால் என்ன?

“தேனீ என்றால் தேனீதான். உள்ளூரில் கூட்டம் குறைந்தால் வெளியூரிலிருந்து பெட்டி வாங்கி வைத்தால் தீர்ந்தது.” தோட்டம் வைத்திருப்பவர்களிடமும் தேன் வியாபாரிகளிடமும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காட்டுயிர்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள்: ஒரு காட்டில் அழிந்ததை இன்னொரு காட்டிலிருந்து பிடித்துவந்து விட்டுவிடலாமாம். இந்தப் பேச்சுக்கு முட்டுக்கொடுக்கும் வாதங்கள் நான்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: இனம் ஒன்றுதான், நிறமும் அளவும்தான் வேறு.

இனம் ஒன்று என்பது சரி. ஆனால் அளவு வேறுபட்டாலே வளர்ப்பு முறை மாறிவிடுகிறது. நம் அடுக்குத் தேனீ காஷ்மீரில் உடல் பெருத்தது, கூட்டமும் பெரிது. தெற்கே வர வர இரண்டும் சிறுக்கின்றன. அதனால்தான் தென்னாட்டுத் தேனீக்கென்று பாதிரியார் நியூட்டன் 1910-களில் சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். பெட்டி பெரிதாக இருந்தால் சிறிய கூட்டத்தால் எல்லா அடைகளையும் மூடிக் காக்க முடியாது; காலியான அடையில் மெழுகுப் பூச்சி புகுந்துவிடும்.

அளவை விடவும் முக்கியமானது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. பிரான்சின் தென்மேற்கில் லாண்ட் என்னும் பகுதியில் கோடை முடிகிற நேரத்தில் ஹெதர் புதர்கள் பூக்கும். அங்குள்ள தேனீக்கள் அந்தப் பூப்புக்கு ஆள் சேர்ப்பதற்காகவே கோடையின் பின்பகுதியில் இன்னொரு முறை புழு வளர்ப்பைப் பெருக்குகின்றன. பாரிஸ் பக்கத்துத் தேனீக்களுக்கு அந்த வழக்கம் இல்லை. 1960-களில் லூவோ என்ற ஆய்வாளர் இரண்டு ஊர்க் கூட்டங்களையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். போன இடத்திலும் அவை பிறந்த ஊரின் பருவக் கணக்கையே பின்பற்றின. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் விலங்குகளிலும் இப்படி உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலையிலும் உள்ள யானைகளை 2005-இல் வெளியான மரபணு ஆய்வு தனித்தனிக் கூட்டங்களாகவே கண்டது.

இரண்டாவது வாதம்: கொண்டுபோய் வைத்தால் பழகிக்கொள்ளும்.

இதை ஐரோப்பாவில் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 11 நாடுகள், 21 இடங்கள், 16 மரபு வகைகள், 621 கூட்டங்கள். 2009 முதல் 2012 வரை நோய்க்கு மருந்து எதுவும் கொடுக்காமல் விட்டார்கள். அந்தந்த ஊர் ராணிகளைக் கொண்ட கூட்டங்கள், வெளியூர் ராணிகளைக் கொண்டவற்றை விடச் சராசரியாக 83 நாள் கூடுதலாகப் பிழைத்தன. எங்கும் வெல்லும் ஒரே வகை என்று எதுவும் அதில் தேறவில்லை.

மூன்றாவது வாதம்: கலப்பு எப்போதும் வலிமை.

இதில் பாதி உண்மை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பூமாக்கள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்து வால் முறுக்கும் இதயக் குறையுமாய் நலிந்திருந்தன. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டபின் அவை தேறின. அது மிகச் சுருங்கிப்போன ஒரு கூட்டத்துக்குச் செய்த வைத்தியம்; எல்லாருக்கும் எழுதித் தரும் மருந்துச் சீட்டாகாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1956-இல் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் தேனீக்கள் மறு ஆண்டே தப்பிப் பெருகின. சீற்றம் மிகுந்த அவற்றின் கலப்பு வாரிசுகள் அமெரிக்க ஐக்கிய நாடுவரை பரவின. தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டுத் தேனீகூடத் தேவைப்படவில்லை. தென்கோடியில் வாழும் கேப் தேனீயின் வேலைக்காரத் தேனீக்கள் ஆண் துணையின்றியே பெண் குஞ்சு ஈனக்கூடியவை. 1990-இல் அவற்றை அதே நாட்டின் வடபகுதிக்குப் பெட்டியோடு கொண்டுபோனார்கள். அவை அங்குள்ள கூட்டங்களுக்குள் புகுந்து ஒட்டுண்ணியாகி, ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தன. இனம் ஒன்று, நாடும் ஒன்று. ஊர் மட்டும்தான் மாறியது.

நான்காவது வாதம்: நாட்டுத் தேனீ நோஞ்சான், இத்தாலியத் தேனீயே தீர்வு.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்திய அடுக்குத் தேனீக்களைப் பெருமளவில் கொன்றது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகள் காலியாயின. அதிலிருந்துதான் இந்த எண்ணம் வேரூன்றியது. இத்தாலியத் தேனீ பெட்டிக்கு அதிகத் தேன் தரும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதை இன்று உலகெங்கும் வாட்டும் வரோவா உண்ணி, ஆதியில் நம் அடுக்குத் தேனீ இனத்தோடு வாழ்ந்தது. அடுக்குத் தேனீயிடம் அது பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். வேலைக்காரத் தேனீக்களும் உண்ணியைப் பிடுங்கி எறியும். இத்தாலியத் தேனீ உள்ளிட்ட மேற்கத்தியத் தேனீக்களை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது உண்ணி அவற்றின் மேல் தாவியது. அவற்றிடம் அதற்குப் போதிய தற்காப்பு இல்லை. ஆகவே ஒன்று நோஞ்சான், மற்றது பலசாலி என்று பிரிக்க முடியாது. எந்த எதிரியோடு எவ்வளவு காலம் வாழ்ந்தது என்பதே கணக்கு. வைரஸுக்குத் தப்பிய நாட்டுக் கூட்டங்களும் பின்னர் பெருகித்தான் வந்தன.

இதனால் எந்த உயிரையும் எங்கும் நகர்த்தவே கூடாது என்றாகாது. புளோரிடாவைப் போல வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு. ஆனால் வரிசை முக்கியம். முதலில் உள்ளூரில் நோய்க்கும் பஞ்ச காலத்துக்கும் தப்பிய கூட்டங்களைத் தேட வேண்டும். அவற்றிலிருந்து ராணி வளர்க்க வேண்டும். அது போதாதபோதுதான் அடுத்த ஊர். எந்தத் தேனீயும் போதும் என்று பெட்டி விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: சர்க்கரைப் பாகும் மருந்தும் இல்லாமல் இது எங்கள் ஊர் மழைக்காலம் இரண்டைத் தாண்டியிருக்கிறதா? அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியது விற்பவர்தான், வாங்குபவர் அல்ல.