சிலந்தி கடிச்சது முக்கியமே இல்ல

நம்ம இதழோட காமிக்ஸ் பக்கத்துக்கு ஜூனியர்ஸ் அனுப்பின கதைகளைப் போன வாரம் மொத்தமா உட்கார்ந்து படிச்சேன். பாதிக்கு மேல கதைகள்ல லேப் வெடிக்குது. ஒண்ணுல கெமிக்கல், ஒண்ணுல டிரான்ஸ்ஃபார்மர், ஒண்ணுல ஏஐ சிப். ஒருத்தர் மட்டும் கார்த்திகை தீபத்தன்னிக்குத் திருவண்ணாமலை மலை மேல மின்னல் இறங்குற மாதிரி எழுதியிருந்தார். கீழ்பென்னாத்தூர்ல மொட்டை மாடியில நின்னு தீபம் பார்த்தே வளர்ந்தவன் நான், எனக்குப் பிடிக்காம இருக்குமா? ஆனா அதுவும் மத்த கதைங்க மாதிரியே ஒரே இடத்துல படுத்துடுச்சு. சக்தி வருது, கண்ணு பளபளக்குது, அடுத்த பக்கமே ஹீரோ ஊரைக் காப்பாத்தக் கிளம்பிடறார். நடுவுல ஒரு நாள் கூடவா இல்ல?

அந்த நடுவுல இருக்கிற நாள்தான் கதைன்னு நான் சொல்றேன். சக்தி எப்படி வந்துச்சுங்கிறது யாருக்கு வேணும்? வந்த உடனே அவன் முதல்ல என்ன பண்ணான்னு சொல்லுங்க.

ஸ்பைடர்மேனையே எடுத்துக்கோங்க. 1962 ஆகஸ்ட், 'அமேசிங் ஃபேண்டஸி' 15ஆவது இதழ், மொத்தமே 11 பக்கம். சிலந்தி கடிச்சதும் பீட்டர் பார்க்கர் யாரையும் காப்பாத்தப் போகல. மல்யுத்த மேடையில ஏறிக் காசு பார்க்கிறான், டிவியில வித்தை காட்டறான். கண்ணு முன்னாடி ஒரு திருடன் ஓடறப்போ, நமக்கென்னன்னு நிக்கிறான். அதே திருடன்தான் பின்னாடி அவனோட பென் மாமாவைக் கொல்றான். சிலந்திக்குப் பதிலா தேளோ பூரானோ கடிச்சிருந்தாலும் இந்தக் கதை அப்படியே இருக்கும். திருடனை விட்ட அந்த ஒரு கட்டத்தை எடுத்துட்டா கதையே இல்ல.

அதே 1962 அக்டோபர்ல இங்கிலாந்துல 'வேலியண்ட்' வார இதழ்ல ஒருத்தன் வந்தான். நம்ம அப்பாக்களுக்கு அவனை நல்லாத் தெரியும். 1972ல சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தப்போ முதல் புத்தகமே அவன்தான்: இரும்புக்கை மாயாவி. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நான், தமிழைத் தடவித் தடவி இல்லாம வேகமா படிக்கக் கத்துக்கிட்டது அப்பாவோட டிரங்குப் பெட்டியில கிடந்த மாயாவி புத்தகங்கள்லதான். தமிழ் பாடப் புத்தகம் கோவிச்சுக்க வேண்டாம்.

மாயாவியோட நிஜப் பேரு லூயிஸ் கிராண்டேல். ஆராய்ச்சிக் கூட உதவியாளர். ஏற்கெனவே ஒரு விபத்துல வலது கை போய், இரும்புக் கை மாட்டியிருக்கான். இன்னொரு விபத்துல உயர் அழுத்த மின்சாரம் பாயுது. ஆளு மறைஞ்சுடறான், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியுது. (ஈஈஈ படிக்கிறவனா சொல்றேன், அவ்வளவு வோல்டேஜ் பாய்ஞ்சா மறையறது உடம்பு இல்ல, உயிர்.) கொஞ்ச நேரத்துல சக்தி தீர்ந்துடும், நம்ம போன் மாதிரி திரும்ப கரண்ட் ஏத்திக்கணும். சரி, இப்படி ஒரு வரம் கிடைச்சதும் அவன் முதல்ல என்ன பண்ணான்? திருடினான். ஆமா, நம்ம அப்பாக்களோட ஹீரோ ஆரம்பத்துல பக்கா வில்லன். நிழல் படையில சேர்ந்து நல்லவனாகிறதெல்லாம் அப்புறம்தான். எல்லாம் மறைஞ்சும் கை மட்டும் தெரியுது பாருங்க, திருடன் கையே தெரியற மாதிரி வெச்சவனுக்கு ஒரு சலாம் போடலாம்.

'மின்னல் முரளி' (2021) பார்த்திருப்பீங்க. ஒரே ராத்திரி, ஒரே ஊர், ரெண்டு பேருக்கு மின்னல். டெய்லர் ஜெய்சன் சக்தியை வெச்சு முதல்ல தன்னை அவமானப்படுத்தினவங்க மேல பழி தீர்க்கிறான். ஷிபு, தான் காதலிச்சவளோட குழந்தைக்கு ஆபரேஷன் பண்ணணும்னு பேங்க்ல கை வைக்கிறான். முதல் காரியத்தை மட்டும் பார்த்தா ரெண்டு பேர்ல யார் ஹீரோ? பேசில் ஜோசப் நம்மளை வசமா மாட்டிவிடற இடம் அது.

பேட்மேன் என் வாதத்துல இடிக்கிறான், ஒத்துக்கிறேன். 1939 மே மாசம் வந்தவன், அவன் பெத்தவங்க சுடப்பட்ட கதையை நவம்பர்லதான், அதுவும் ரெண்டே பக்கத்துல சொன்னாங்க. அதுல முதல் தப்புன்னு எதுவும் இல்ல. அவனுக்குத்தான் சக்தியே வரலையேன்னு நான் தப்பிச்சுக்கலாம். பணம் இருந்துச்சேன்னு நீங்க கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

நம்ம மாவட்டத்துல இதுக்கெல்லாம் மூத்த கதைங்க கல்லுல இருக்கு. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலம், சுமார் 1,400 வருஷம் ஆச்சு. எருமைகளுக்காகச் சண்டை போட்டுச் செத்த கருந்தேவகத்தி, பக்கத்துலயே கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்ன கோவிவன்ங்கிற நாய். நாய்க்கும் பேரு இருக்கு பாருங்க! யாரு என்ன பண்ணாங்க, அவ்வளவுதான் கல்லுல இருக்கு. சக்தி எங்கிருந்து வந்துச்சுன்னு செதுக்கினவன் யோசிக்கவே இல்ல.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு வேகம்னா, எனக்கும் ஒரு சக்தி இருந்துச்சு. ஃபர்ஸ்ட் இயர்ல எங்க கிளாஸ்ல இங்கிலீஷ் சரளமா வந்த நாலஞ்சு பேர்ல நானும் ஒருத்தன். செமினார்ல ஒரு பையன் 'டிட்டர்மைன்'னு சொன்னான். நான் சிரிச்சேன். சிரிச்சதோட விடாம, அவன் குரல்லயே திருப்பிச் சொல்லிக் காட்டினேன். கிளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் அந்தப் பையன் எந்த செமினார்லயும் தானா எழுந்து பேசி நான் பார்க்கல. இப்போ ஃபைனல் இயர் புராஜெக்ட்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே டீம். சர்க்யூட் முழுக்க அவன் கை வேலை. வைவா பத்திப் பேசினப்போ, "நீயே பேசிடு மச்சி, நான் பக்கத்துல நின்னுக்கிறேன்"னான். ரெண்டு நாளாச்சு, நான் இன்னும் பதில் சொல்லல.

தீபத்தன்னிக்கு மின்னல் கதை அனுப்பின தம்பிக்கு: கதையைத் திருப்பி அனுப்பறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஹீரோ மலையை விட்டு இறங்கினதும் முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? எதுக்கு? அந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதி அனுப்புங்க. உங்களுக்காகக் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கோம்.