செரியன் நகர்ப் பெண்ணை ஏன் தொடர்ந்து பார்க்கவேண்டும்

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த 6ஆவது கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்று வந்தார். அப்போது அவருக்கு வயது 17. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை டீக்கடைகளில் சில நாள் அதே பேச்சு. பிறகு அடங்கிவிட்டது. “ஆட்டோக்காரர் பொண்ணு ஜெயிச்சிடுச்சு, அரசாங்கமும் 1 கோடி கொடுத்திடுச்சு. இனிமே அதுல பார்க்க என்ன சார் இருக்கு?” என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் ஒவ்வொரு நினைப்பையும் நான் மறுக்கிறேன்.

கேரம் ஒரு டைம்பாஸ் என்பது முதல் நினைப்பு. அரிசி மாவைத் தூவி லீவு நாளில் ஆடுவது டைம்பாஸ்தான். போட்டி ஆட்டம் வேறு. 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை, 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர், ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட். ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு (சுற்று), மூன்றில் இரண்டு ஆட்டம் எடுப்பவர் வெற்றி. டென்னிஸில் எதிராளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடுத்த கேமில் சர்வீஸ் உங்கள் கைக்கு வந்துவிடும். இங்கே அந்த உறுதி கிடையாது. காய் விழுந்துகொண்டே இருந்தால் ஆடுபவர் ஆடிக்கொண்டே இருப்பார். பிரேக் எடுத்தவர் ஒரே மூச்சில் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் போட்டு முடித்தால் அது ஒயிட் ஸ்லாம். எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே 12 புள்ளி விட்டுக்கொடுப்பார். அந்த நேரம் முழுக்க முகம் மாறாமல் உட்கார்ந்திருந்து, அடுத்த போர்டில் கை நடுங்காமல் அடிக்கவேண்டும். அப்படி அடிக்கத்தான் பல வருடப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

‘வடசென்னை’ படம் வந்த பிறகு கேரம் என்றாலே அடிதடி என்று நினைப்பவர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு நாள் மாலை வந்து பார்க்கட்டும், போதும்.

என்னை அதிகம் வருத்துவது ‘அதிசயம்’ என்ற வார்த்தை. குப்பத்தில் தானாக முளைத்த அதிசயப் பெண்ணாம். தானாக எதுவும் முளைக்கவில்லை. காசிமாவின் தந்தை மெகபூப் பாஷா, ஆட்டோ ஓட்டும் நேரம் போக, செரியன் நகரில் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு முன்னாலும் இந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். கேரத்துக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். காசிமாவுக்கு அடுத்த வருடமே, 2025இல், மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டுக் கீர்த்தனா தங்கம் வென்றார். ஒரே ஊரில் இத்தனை உலக சாம்பியன்கள் வந்தால் அதற்குப் பெயர் அதிசயமா? பள்ளிக்கூடம் என்று சொல்லுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்றால், தகரக் கூரை, ஒரு ஸ்டாண்டு, பலகைக்கு நேர் மேலே தொங்கும் பல்பு, பழைய டப்பாவில் போரிக் பவுடர். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி கடந்தால் பல்பு ஆடும், காய்களின் நிழல் நகரும். ஒரு சிறுமி குறிவைத்த விரலை ஸ்ட்ரைக்கரிலிருந்து எடுத்துவிட்டு, நிழல் நிற்கும் வரை காத்திருந்து, மறுபடி விரலை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அதை யாரும் அப்போது சொல்லவில்லை. ஆடி ஆடிப் பழகியது அது.

1 கோடியைப் பற்றி ஒன்றுதான். அது கொடுக்கப்பட்டது நியாயம், மகிழ்ச்சி. ஆனால் அது முடிந்துபோன போட்டிக்கான பரிசு. கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, டிவியிலும் இல்லை. அடுத்த போட்டிக்குக் காசிமா கிளம்பும்போது கூடப் போவது நம் கவனம் மட்டுமே.

ஜெயித்தால் பேப்பரில் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பிரிட்டனின் டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானு 2021இல் 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து வந்து அமெரிக்க ஓப்பனை வென்றார். அடுத்த வருடம் அதே ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோற்றார். பிரிட்டன் மக்கள் அவருடைய காயம், பயிற்சியாளர் மாற்றம், தோல்வி எல்லாவற்றையும் சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள். சில நேரம் அளவுக்கு மீறியும் பேசினார்கள். நம் பெண்ணுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். ஆனால் காலிறுதியில் தோற்று ரயிலில் திரும்பும் நாளிலும் “எந்தப் போர்டில் விட்டுட்டே, கண்ணு?” என்று கேட்க நாலு பேர் இருக்கவேண்டும். தங்கம் வாங்கிய நாளில் மட்டும் மாலை போடுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

அடுத்த மாவட்டப் போட்டி எங்கே, எப்போது என்று பக்கத்து கேரம் கிளப்பில் கேட்டால் சொல்வார்கள். போய் உட்காருங்கள். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்த பிறகு பேசக்கூடாது, அவ்வளவுதான்.