சர்க்கரைத் தீவு சொல்லும் கணக்கு

வங்கியில் இருந்த காலத்தில் கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வருமானம் எத்தனை வழியில வருது?" ஒரே வழின்னு பதில் வந்தா கையெழுத்துப் போட யோசிப்பேன். ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகலை.

எங்கள் குழுவில் இப்போது ஒரு பேச்சு ஓடுது. ஏற்றுமதிக்கு இயற்கை முருங்கை இலை வாங்க ஒரு கம்பெனி வருதாம். இருக்கிற நிலம் முழுக்க முருங்கை வைக்கணுமாம். எனக்கு மொரிஷியஸ் ஞாபகம் வந்தது.

நம்ம ஊர்க்காரர்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் உழைத்த தீவு அது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. 1968-ல் விடுதலை பெற்றபோது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரை. பெருகும் மக்கள்தொகை, ஒரே பயிர். இந்தத் தீவு தேறுவது கஷ்டம் என்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1961-லேயே எழுதினார்.

ஆனால் தேறியது. 1970-ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சலுகைச் சட்டம் வந்தது. 1975 ஒப்பந்தப்படி ஐரோப்பா சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கியது. அந்த லாபத்தை முதலாளிகள் கரும்பிலேயே முடக்கலை. ஆயத்த ஆடை, ஓட்டல் என்று திருப்பினார்கள். கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுத்தார்கள். நிதிச் சேவையும் வளர்ந்தது. 2006-க்குப் பிறகு ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தபோது சிறு கரும்பு விவசாயிகள் பலர் கரும்பையே விட்டார்கள். நாடு மட்டும் விழவில்லை.

இது பாதிக் கதைதான். அங்கே அரிசியும் கோதுமையும் இன்றைக்கும் கப்பலில்தான் வருது. 2020-ல் உலக வங்கி அதை உயர்வருமான நாடு என்றது. அதே வருஷம் கொரோனாவில் சுற்றுலா நின்றது, பொருளாதாரம் சுமார் 15 சதவீதம் சுருங்கியது, அடுத்த வருஷமே ஒரு படி கீழே இறங்கியது.

சின்னத் தீவு, எல்லாவற்றையும் தானே விளைவிக்க முடியாதுதான். வியாபாரம் இல்லாமல் பிழைத்திருக்கவும் முடியாது. அதனால் ஏற்றுமதி வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா சிறு விவசாயியின் நிலமும் ஒரு குட்டித் தீவுதான். விலையை நாம வைக்கிறதில்லை, வாங்குகிறவன் வைக்கிறான்.

என் நாலு ஏக்கரில் ஒன்றரை ஏக்கர்தான் முருங்கைக்கு. மீதியில் நெல், உளுந்து, காய்கறி, மாட்டுத் தீவனம். நல்ல விலை கிடைக்கிற வருஷத்து லாபம் அடுத்த வழிக்கு: ஒரு பசுவோ, ஒரு செக்கோ.

கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்க, தப்பில்லை. வீட்டுச் சோத்துக்கான நெல்வயலை மட்டும் அதில் எழுதிக் கொடுத்துடாதீங்க.