பிள்ளையின் பங்கைப் பேரம் பேசலாமா?



கணவன் மனைவி பிரிந்த விவகாரங்கள் நம் சங்கத்துக்குப் புதியவை அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்து, "பிள்ளைகளுக்கு மாதம் மூவாயிரம் கொடுத்துவிடு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பஞ்சாயத்துகள் பல உண்டு. சிலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். அந்த மூவாயிரம் எந்தக் கணக்கில் வந்தது என்று இன்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பெண் வீட்டார் ஐந்து கேட்டார்கள், அவன் இரண்டு என்றான், நாங்கள் நடுவில் பிடித்தோம். ஆட்டுச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாலுக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, ஜீவனாம்சம் மாதம் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. 2001இல்தான் அந்த வரம்பு நீக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு, புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவாக இருக்கிறது. (144 என்றதும் நமக்கு ஊர்வலத் தடைதான் நினைவுக்கு வரும். அந்தப் பழைய 144 இப்போது 163!)

வரம்பு போயிற்று, கணக்கு வரவில்லை. இவ்வளவு சம்பளத்துக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்ற அட்டவணை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. "சம்பளத்தில் கால் பங்கு கொடுத்தால் தீர்ந்தது" என்று நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். 2017இல் ஒரு வழக்கில் மனைவிக்குக் கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கணவரின் நிகரச் சம்பளம் 95 ஆயிரத்துக்கு மேல். 20 ஆயிரம் கொடுத்த பிறகும் அவர் கையில் 75 ஆயிரம் மிஞ்சும். தாராவியில் ஒரு பட்டறையில் 18 ஆயிரம் வாங்குகிறவனுக்கு அதே கால் பங்கு போட்டுப் பாருங்கள். 4,500 ரூபாயில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். அவனுக்கு மிஞ்சும் 13,500இல் வாடகையும் சாப்பாடும் போக, ஊரில் இருக்கும் வயதான பெற்றோருக்கும் அனுப்ப வேண்டும். சதவீதம் ஒன்றுதான், வயிறு ஒன்றல்ல.

அடுத்தது, எது சம்பளம் என்ற கேள்வி. நான் சம்பளச் சீட்டுகளோடு புழங்குகிற குமாஸ்தா. இதில் நடக்கும் தந்திரம் எனக்குத் தெரியும். வீட்டில் பிணக்கு முற்றும்போது சிலர் சொசைட்டியில் புதுக் கடன் எடுக்கிறார்கள், வருங்கால வைப்பு நிதிக்குத் தாமாகவே கூடுதல் பிடித்தம் எழுதிக் கொடுக்கிறார்கள். 40 ஆயிரம் வாங்கியவன் கைக்கு 22 ஆயிரம்தான் வருகிறது என்று சீட்டை நீட்டுகிறான். வருமான வரியும் கட்டாயப் பிடித்தங்களும் கழிய வேண்டியவைதான். தானே தேடிக்கொண்ட கடனும், தன் பெயரில் சேரும் சேமிப்பும் பிள்ளையின் சோற்றுக்கு முன்னால் எப்படி வந்து நிற்கும்? சாதாரணக் கடன் தீர்ப்புக்கு நீதிமன்றம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பென்றால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிடிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. எந்தக் கடன் முதல் கடன் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது.

சீட்டே இல்லாத கூலிக்காரன் கதை வேறு. "வேலை இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடப் பார்ப்பான். உடம்பில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பேரத்துக்கு மாற்று மருந்து 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் இருக்கிறது. வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொகை மனு போட்ட நாளிலிருந்தே கணக்காக வேண்டும். வாய்தா இழுத்தால் லாபம் என்ற எண்ணம் இனிச் செல்லாது.

இரு தரப்பும் என்பதைக் கவனியுங்கள். தாய் சம்பாதித்தால் அவளுக்கும் பொறுப்பு உண்டு. 2000ஆம் ஆண்டில் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் பிள்ளையின் செலவை நிர்ணயித்தது. பிறகு பெற்றோர் இருவரின் சம்பளத்தையும் பார்த்துத் தந்தை இரண்டு பங்கு, தாய் ஒரு பங்கு என்று பிரித்தது. எனக்கு நியாயமாகப் படும் வழி இதுதான். ஆனால் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, இரவில் காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருக்கும் தாயின் உழைப்புக்கும் அந்தக் கணக்கில் ஒரு பத்தி வேண்டும். அதை எந்தச் சீட்டிலும் நான் பார்த்ததில்லை.

"அவள்தான் திருநெல்வேலிக்குப் போய்விட்டாளே, அங்கே என்ன செலவு?" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் வாதம். வாடகை குறையலாம். மருந்தும் பருப்பும் நோட்டுப் புத்தகமும் ஊருக்கு ஒரு விலையா? அந்தப் பெண் பாந்திரா குடும்ப நீதிமன்றத்துக்கு ரயிலேறி வர வேண்டியதும் இல்லை; தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பாக்கி விழுந்தால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். தாமதித்தால் பழைய மாதங்களுக்குப் பிடியாணை கிடைக்காது. பணமாக வாங்கியிருந்தால் தேதி போட்டு எழுதி வைப்பது இருவருக்கும் நல்லது.

வேலை போன தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் பணத்தை நிறுத்தாதீர்கள். நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாய் திறக்காமல் நிறுத்தினால் சிறைதான் பதில். நம் தோழர் ஒருவர் ஆலை மூடிய பிறகு ஏழு மாதம் வெட்கத்தில் ஒளிந்து திரிந்தார். முதல் மாதமே சங்கத்துக்கு வந்திருந்தால் மனு எழுத ஒரு மணி நேரம் போதும்.

அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறேன். இனி நம் பஞ்சாயத்தில் தொகை பேசுவதற்கு முன் மூன்று மாதச் சம்பளச் சீட்டும், பிள்ளையின் செலவுப் பட்டியலும் மேசைக்கு வர வேண்டும். அந்தப் பட்டியலைத் தாய் எழுத வேண்டும். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். எதிர்ப்பவர்கள் தங்கள் சம்பளச் சீட்டையும் கையோடு கொண்டு வரட்டும்.