ஊர்தி எந்தத் தெருவில் நிற்கிறது?

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வது, சோற்றைச் சிந்தாமல் வாயில் வைப்பது, கழிவறைக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வருவது, பென்சிலைப் பிடிப்பது. இவற்றை யாரும் பாடமாக நினைப்பதில்லை. பிள்ளை பார்த்துப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால், பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு இவை தானாக வருவதில்லை. பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும். அதற்கென்றே இருப்பதுதான் 'ஆக்குபேஷனல் தெரபி'.

இதைச் சிலர் 'தொழில் சிகிச்சை' என்கின்றனர். பிறப்பை வைத்துத் தொழில் சுமத்தப்பட்ட நமக்கு அந்தச் சொல்லே உறுத்துகிறது. மெழுகுவத்தி செய்யவும் கூடை பின்னவும் பழக்குவார்கள் போல என்று நினைத்து ஒதுங்கும் பெற்றோரும் உண்டு. அன்றாட வேலைகளைப் பிறர் கையை எதிர்பார்க்காமல் செய்யப் பழக்குவதே இந்தச் சிகிச்சை. 'செயல்முறை சிகிச்சை' என்ற பெயரே இதற்குப் பொருந்தும்.

சிகிச்சையாளர் ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பார். சட்டை மாட்டுவதில் மற்ற எல்லாவற்றையும் அம்மா செய்துவிட, கீழ் விளிம்பை இழுத்துவிடுவது மட்டும் முதலில் பிள்ளையின் வேலை. அது பழகியதும் அதற்கு முந்தைய படி. கரண்டியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால், விரல் சரியாக மடங்காத பிள்ளைக்கும் பிடிப்புக் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவில்லை. வழிகாட்ட ஆள் வேண்டும். மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சிகிச்சை பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறது. பேருந்துச் சலுகை கிடைத்தாலும், போன நாளின் கூலிக்கு ஈடு கிடையாது. சில வாரங்களில் சிகிச்சை நின்றுபோகிறது. கழிவறைக்குத் தானே போகத் தெரியாத பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பள்ளி தயங்குகிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள அக்கா படிப்பை நிறுத்துகிறாள். ஒரு பிள்ளைக்குக் கிடைக்காத பயிற்சி, இரண்டு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 100 பேருக்கு 2.21 பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45. தேவை அதிகமுள்ள இடத்துக்குச் சேவை கடைசியாக வருவதை நாம் எப்படி ஏற்பது?

சட்டத்தில் குறையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாகக் கிராமங்களில், அருகிலேயே இலவச மருத்துவ வசதி தரவும் சொல்கிறது. உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. ஊர் தேடி வரும் சிகிச்சை ஊர்தியும் அதில் உண்டு. இதை வரவேற்கிறோம்.

ஆனால், அந்த ஊர்தி எந்தத் தெருவில் நிற்கும்? ஊராட்சி அலுவலக வாசலில் நின்றால், காலனியிலிருந்து நடக்க முடியாத பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து ஊர்த் தெருவைக் கடந்து வர வேண்டும். தூரத்தைவிட அந்தத் தெருவின் பார்வைக்கு அஞ்சியே வராமல் இருந்துவிடும் தாய்மார்கள் உண்டு. ரேஷன் கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நாம் கேட்ட அதே கேள்விதான் இது.

ஊர்தி காலனிக்குள்ளேயே, அங்கன்வாடியிலோ சமுதாயக் கூடத்திலோ குறித்த நாளில் நிற்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் நேரத்தைத் தவிர்த்து அந்த நேரம் அமைய வேண்டும். எத்தனை பட்டியல் சாதிப் பிள்ளைகள் தொடர்ந்து சிகிச்சை பெறுகின்றனர் என்பதை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். அடுத்த ஊர்தி வரும்வரை பயிற்சி நிற்காதிருக்க, நம் தெருப் பெண்களுக்கே அடிப்படைப் பயிற்சியும் ஊதியமும் தர வேண்டும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், யாரிடம் அடையாள அட்டை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள்; தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தன் சோற்றைத் தன் கையால் அள்ளி உண்பதும் சுயமரியாதைதான். அது நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.